கத்தரீனாளின் ஜீப்புக்கு ஒரு காற்று மெஷின்

ஏலப்பாறையில் ஒரு ஜீப்காரனுக்கு இரண்டு விரல் போய்விட்டதாம். டயருக்குக் காற்றடிக்கிற சின்ன மெஷின் கையில் இருக்கும்போதே வெடித்துவிட்டதாம். கத்தரீனாளிடம் இதைச் சொன்னவர் அணக்கரை டீக்கடைக்காரர். அவருக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். கண்டக்டருக்கு யார் சொன்னார்கள் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போன இடத்தில் அதே செய்தி மறுபடி வந்து சேர்ந்தது. அதற்குள் மூன்று விரலாகியிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் ஒரு 'உச்' கொட்டிவிட்டு நடந்திருப்பாள். ஆனால் அந்த வாரம் அவள் வாங்க இருந்ததே அப்படி ஒரு மெஷினைத்தான். அது சரியாக அமைந்தால் ஜீப் அவளிடம் இருக்கும். இல்லாவிட்டால் ஜீப்பை விற்றாக வேண்டும். மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கத்தரீனாளுக்கு நாற்பத்தேழு வயது. சக்குபள்ளத்தில் வீடு. பதினாலு வருஷம் கணவர் சவரிமுத்து ஓட்டிய ஜீப்பின் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏலக்காய் எடுக்கப் போய்வந்தவள். சவரிமுத்து காய்ச்சலில் போனபின் ஜீப் ஆறு மாதம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. ஒருநாள் தார்ப்பாயை உருவி மடித்து வைத்துவிட்டுக் கட்டப்பனைக்குப் போய் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தாள். "சேச்சிக்கு ஸ்கூட்டர் போதாதா?" என்று கேட்டார் ஸ்கூல்காரர். "ஸ்கூட்டர்ல ஒம்பது பேரை ஏத்த முடியுமா சார்?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். ஐந்து வருஷமாகக் கம்பத்திலிருந்து மலையேறி வரும் ஒன்பது பெண்களைக் காலையில் தோட்டத்துக்குக் கொண்டுபோவதும் சாயங்காலம் இறக்கிவிடுவதும்தான் அவள் பிழைப்பு.

அந்த ஒன்பது பேருக்கும் வேலை மேல்தோட்டத்தில். தார் ரோடு ஒரு கல்வெர்ட்டோடு, ஓடைக்கு மேலே கட்டிய சின்னப் பாலத்தோடு, முடிந்துவிடும். அதற்கு மேலே மூன்று கிலோமீட்டர் செம்மண்ணும் உருட்டுக்கல்லும்தான். மழையில் அந்த மண் வெண்ணெயாகிவிடும். டயரில் காற்று முறுக்காக இருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கிவிட்டால் டயர் அகன்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இறக்குவதற்கு ஒரு குச்சி போதும். ஏற்றுவதற்குத்தான் வழியில்லை. பஞ்சர் கடை பதினோரு கிலோமீட்டர் தள்ளி. அதுவரைக்கும் தொளதொளத்த டயரோடு தார் ரோட்டில் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வருவாள்.

ஆடி மாதம் அப்படி உருட்டி வரும்போது ஒரு வளைவில் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. ஜீப் மலைப்பக்கம் சாய்ந்து மண்திட்டில் முட்டி நின்றது. நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் போகவில்லை. ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பின்னால் பைக்கில் வந்தவன் படம் எடுத்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டான். கத்தரீனாள் ஜீப்பிலிருந்து இறங்கிச் சேலையை உதறுவதற்குள் தோஹாவிலிருந்து மகன் ரிஜின் கூப்பிட்டுவிட்டான்.

அன்றிலிருந்து தினம் மூன்று முறை கூப்பிட்டான். காலையில் மழையா என்று கேட்டான், மதியம் எங்கே என்று கேட்டான், ராத்திரி வீட்டுக்கு வந்தாயிற்றா என்று கேட்டான். போன வாரம் நெடுங்கண்டத்தில் ஒருவரைப் பிடித்து ஜீப்புக்கு விலையும் பேசி முடித்துவிட்டான்.

"அம்மா, நான் இங்க ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு ஒன் வளைவை நெனச்சு வேர்த்துப் போறேன். போதும்மா."

"காத்தடிக்கிற மெஷின் ஒண்ணு இருந்தா தொந்தரவே இல்லலே. வண்டியிலயே வச்சுக்கலாமாம்."

அவனும் இளகினான். ஆனால் கெடு வைத்தான். "சரி. திங்கக்கிழம நாலு மணிக்குக் கூப்பிடுவேன். கல்வெர்ட்டுகிட்ட நாலு டயரும் நெறஞ்சு நிக்கணும். இல்லன்னா அஞ்சு மணிக்கு நெடுங்கண்டத்துக்காரரு வண்டியப் பாக்க வருவாரு. பொய் சொல்லக் கூடாது."

"ஒங்கிட்ட என்னைக்குலே பொய் சொன்னேன்?"

இப்படி ஒப்புக்கொண்ட மறுநாள்தான் விரல் செய்தி வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கட்டப்பனையில் மாறி ஏலப்பாறைக்கே போய்விட்டாள். ஜீப் ஸ்டாண்டில் விசாரித்தால், வெடித்ததாகச் சொல்லப்பட்ட மெஷின்காரன் அங்கேயே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பேர் நவீன்குமார்.

"தம்பி, கையக் காட்டுப்பா."

"என்னம்மா, ஜோசியமா?"

"ரேகையெல்லாம் வேண்டாம். வெரல விரி."

சால்னா வடியும் கையை விரித்தான். ஐந்து. இடது கையிலும் ஐந்து. ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு பழைய பிளாஸ்திரி. கத்தரீனாள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"வெடிச்சுதுன்னு சொன்னாங்களேப்பா!"

"நேத்து ஒருத்தர் நான் செத்துட்டேன்னு மாலையோட வந்தாரும்மா" என்று சிரித்தான். நடந்தது இதுதான். மூன்றாவது டயர் அடிக்கும்போது மெஷின் சூடாகித் தானாக நின்றுவிட்டது. நவீன்குமார் என்ன செய்தான்? இறக்கம் இறங்கி வந்ததும் கொதிக்கிற பிரேக் டிரம்மில் மலை ஜீப்காரர்கள் தண்ணீர் ஊற்றுவார்களே, அதே பழக்கத்தில் அதே கேனைத் தூக்கி மெஷின் மேல் ஊற்றிவிட்டான். படபடவென்று பொறி பறந்தது. பயந்து துள்ளியதில் பானெட் விரல் மேல் விழுந்தது.

"கடைக்காரரு அப்புறந்தான் சொன்னாரு. சூடானா அதுவா நிக்குமாம், ஆறுனா அதுவா ஓடுமாம். அதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு உள்ளயே இருக்காம். நாந்தான் குளிப்பாட்டிக் கொன்னுட்டேன். அதுவும் கார் டயருக்கான குட்டி மெஷின். நீங்க பெருசா பாத்து எடுங்கம்மா."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் தலை சாய்த்து, வாய் திறந்தபடி கட்டப்பனை வரைக்கும் தூங்கினாள்.

அன்று மதியமே ஜீப்பை எடுத்துக்கொண்டு பரீதுவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். பரீது பாலக்காட்டுக்காரர். அணக்கரையில் கடை போட்டு இருபது வருஷமாகியும் பேச்சில் பாலக்காடு அப்படியே இருந்தது.

"வெடிச்சதுன்னு எவனோ சொல்லிப் போட்டான், ஒரு வாரமா கடையில ஈ ஓட்டறேனாக்கும். நீங்களாவது வந்தீங்களே சேச்சி" என்று மூன்று பெட்டிகளை மேஜை மேல் வைத்தார். முதலாவது உள்ளங்கைக்குள் அடங்கியது, சார்ஜ் போடுவது. இரண்டாவதில் நீல வெளிச்சத்தில் எண் ஓடியது, டார்ச் லைட்டும் இருந்தது. மூன்றாவது ஒரு இரும்புக் கட்டி, இரட்டை சிலிண்டர், இட்லிப் பானை கனம்.

"இந்த நடுவுல உள்ளது கிடிலன் சாதனம், சூப்பராக்கும். சிகரெட் பத்த வெக்கிற ஓட்டையில சொருகினா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"என் ஜீப்புல அந்த ஓட்டையே இல்ல பாய்."

"அது வெச்சுத் தரலாம் சேச்சி."

"மெஷினுக்காக வண்டியில ஓட்ட போடவா? அது கெடக்கட்டும். ஜீப் டயரு நாலையும் ஒரு மூச்சுல ஏத்துமா? பின் டயருக்குக் குழாய் எட்டுமா?"

பரீது காதைச் சொறிந்தார். "ரெண்டுல உறங்கிடும். குழாயும் குட்டைதான். உள்ளதச் சொல்லணுமில்ல?" என்று இரும்புக் கட்டியை முன்னால் தள்ளினார். "இது நேரா பேட்டரியில கிளிப் போடறது. இஞ்சின் ஓடிட்டே இருக்கணும், இல்லேன்னா பேட்டரி படுத்துக்கும். அப்புறம் ஒண்ணு. காத்து ஏறும்போது மீட்டர் முள்ளு கூடுதலா காட்டும், அத நம்பாதீங்க. நிறுத்திட்டுப் பாக்கறதுதான் கணக்கு."

"அடிச்சுக் காட்டுங்க."

"ஒரு டயர் அடிச்சுக் காட்டட்டா?"

"நாலும்."

கடைத்தெருவில் ஜீப்பை நிறுத்தி நான்கு டயரையும் முப்பது பவுண்டிலிருந்து பதினெட்டுக்கு இறக்கினாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, பழக்கடைக்காரர் கேலி செய்தார், அவள் அசையவில்லை. நான்கும் முப்பதுக்கு ஏறியபின்தான் பெட்டியோடு தரச் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேல்தோட்டத்து ஏற்றத்தில் பதினெட்டு போதவில்லை. பன்னிரண்டுக்கு இறக்கியபின்தான் சக்கரம் மண்ணைக் கவ்வியது. மூன்று மணிக்கு வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வழுக்கி வழுக்கிக் கல்வெர்ட்டுக்கு வந்தபோது மணி மூன்றரையை நெருங்கியிருந்தது. மழை விட்டிருந்தது.

இஞ்சினை ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்து பேட்டரியில் கிளிப்பைக் கடிக்கவிட்டாள். டகடகவென்று மெஷின் அதிர்ந்தது. முன் டயர்கள் இரண்டும் நிறைந்தன. பின்பக்கம் மூன்றாவது டயர் இருபதைத் தொட்டபோது மெஷின் பேச்சுமூச்சில்லாமல் நின்றுவிட்டது.

ஒன்பது பெண்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மெஷின் மேல் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அப்படிக் கொதித்தது.

"தீஞ்சுபோச்சா?" என்றாள் பஞ்சவர்ணம். அந்தக் கூட்டத்தில் மூத்தவள், ஆடி மாதம் முழங்கை சிராய்த்தவளும் அவள்தான். சொல்லிக்கொண்டே சீட்டுக்கடியிலிருந்து தண்ணீர் கேனை இழுத்துவிட்டாள். "ரெண்டு சொம்பு ஊத்துனா சரியாப் போகும்."

"ஊத்தாத! ஊத்துன, இங்கேயே எறக்கி விட்டுட்டுப் போயிருவேன்."

"எங்குட்டுப் போவ? வண்டியே நிக்குது" என்றாள் பஞ்சவர்ணம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கத்தரீனாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நவீன்குமார் சொன்னது மண்டைக்குள் ஓடியது. ஆறினால் ஓடும். ஆனால் எவ்வளவு நேரத்தில் ஆறும் என்று அவனிடம் கேட்காமல் வந்துவிட்டாளே! கடைத்தெருவில் பதினெட்டிலிருந்து ஏற்றியதற்கும் இங்கே பன்னிரண்டிலிருந்து ஏற்றுவதற்கும் மெஷினுக்கு எவ்வளவு வித்தியாசம் என்பது இப்போதுதான் உறைத்தது.

மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கல்வெர்ட் சுவரில் உட்கார்ந்தாள். பெண்களும் இறங்கி உட்கார்ந்தார்கள். டிபன் டப்பாக்களில் மீந்த எலுமிச்சைச் சோறு கை மாறியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். முந்தானையால் மெஷினுக்கு விசிறினாள்.

"எங்க வீட்டாளுக்குக்கூட நான் இப்பிடி விசிறுனதில்லக்கா" என்றாள் யோகப்பிரியா, கூட்டத்தில் சின்னவள்.

"அவன் காத்தா அடிக்கான், விசிறதுக்கு?" என்றாள் கத்தரீனாள்.

நாலு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தபோது புறங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. மாதாவை நினைத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

டகடகடகடக.

பெண்கள் ஓவென்று கத்தியதில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. கத்தரீனாள் டயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது டயர் நிறைந்தது. நிறுத்திப் பார்த்தாள்: முப்பது, சுத்தமாக. இந்தத் தடவை மெஷினுக்கு ஐந்து நிமிஷம் அவளே ஓய்வு கொடுத்தாள். பிறகு குழாயை நான்காவதுக்கு மாற்றினாள். பன்னிரண்டு, பதினைந்து, இருபது. டயர் மெல்ல மெல்ல நிமிர்ந்து ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கியது.

டேஷ்போர்டில் போன் அடித்தது.

"ஒங்க மயன்க்கா! எடுத்துச் சொல்லட்டா, ஏறிருச்சுன்னு?" யோகப்பிரியா கையை நீட்டினாள்.

"எடுக்காதட்டீ. நாலும் நெறஞ்சிருக்கணும்னு பேச்சு. இன்னும் எட்டு இருக்கு."

"பாவம்க்கா, அங்க தவிச்சுக் கெடப்பான்."

"ரெண்டு நிமிசம் தவிக்கட்டும். பொய் சொல்லாதன்னுட்டான்லா."

இருபத்து நான்கு. அவள் முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்திருந்தது. மெஷினின் டகடகவும் போனின் பாட்டும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஒலித்தன. போன் அடித்து ஓய்ந்து, மூச்சு விடுவதற்குள் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.