மிஸ்ஸி தீட்டிய முகம்

போன வாரம் பேத்தி என்னை மந்தைவெளியில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். வாயில் மிச்சமிருப்பதே நாலைந்து பல். அதற்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் லவங்கத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு ஈறில் வைத்தார். வலி போயிற்றோ என்னவோ, அந்த வாசனையில் மிஸ்ஸி நினைவுக்கு வந்துவிட்டார்.

மிஸ்ஸி அயர்லாந்துக்காரர். மாதா கோயில் ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடியில் படம் செய்கிறவர். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருந்த தங்கையைப் பார்க்க வந்தார். யுத்தத்தில் கப்பல் நின்றுபோகவே இங்கேயே தங்கிவிட்டார். நான் அப்போது மடத்துத் தையல் அறையில் பீடத்துணிகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். அறையின் கோடியில் அவர் மேஜை. சாயப்பொடியை லவங்கத் தைலத்தில்தான் குழைப்பார். என் சேலையில்கூட அந்த வாசனை வரும்.

தமிழை மடத்து ஆயாவிடம் கற்றுக்கொண்டவர். அதனால் துரைசானி வாயில் 'இன்னா', 'கீது' எல்லாம் தாராளமாக வரும். மடத்துத் தலைவி மதர் காதைப் பொத்திக்கொள்வார். அந்தத் தமிழில்தான் தன் கதையையும் விட்டுவிட்டுச் சொன்னார். துறைமுக ஊர் ஒன்றில் ஜவுளிக்கடைக்காரர் மகள். டப்ளினில் படம் எழுதப் படித்து, பெண்களே நடத்திய கண்ணாடிப் பட்டறையில் சேர்ந்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எத்தனையோ கோயில்களுக்கு ஜன்னல் செய்தும் ஒன்றிலும் பேர் போட்டதில்லையாம்.

"எங்க ஊர்ல வெளிச்சத்தைக் கெஞ்சிக் கூப்புடணும். இங்க அது கதவை ஒதைச்சுக்கினு வருது" என்பார். அதற்காகவே இங்கே சாயத்தைக் கொஞ்சம் கனமாகப் பூசினார்.

எங்கள் கோயிலுக்கு, மாதா கையில் சேசு பாலன் இருக்கிற மாதிரி ஒரு ஜன்னல் செய்யச் சொன்னார் பங்குச் சாமியார். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானதே, அந்தச் சமயத்தில் என் அக்கா பிலோமினாவின் ஒரே பிள்ளை அந்தோணி காய்ச்சலில் போய்விட்டான். நடக்கப் பழகின குழந்தை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அக்கா மத்தியானம் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவன் மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா இருக்குடி" என்று அழுவாள். ஒரு நாள் மிஸ்ஸி பென்சிலோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு பிலோமினா. கொளந்தே மூக்கு எப்டி?"

வரைந்து காட்டியதும், அத்தனை நாளில் முதல் தடவையாக அக்கா சிரித்தாள்.

"இது உங்க ஊர் மூக்கு மிஸ்ஸி! எங்க அந்தோணிக்குச் சப்பை மூக்கு."

"இன்னும் சப்பையா? செரி, இப்போ செரியா கீதா?"

பல நாள் அழித்து அழித்து வரைந்தார். கடைசியில், "இவன்தான்" என்றாள் அக்கா. மிஸ்ஸி அதைப் பார்த்துக் கண்ணாடியில் சேசு பாலனின் முகத்தைத் தீட்டி, ஈரம் காய மேஜையில் வைத்துவிட்டுச் மடத்துக் கொல்லையில் கட்டியிருந்த சூளையைப் பார்க்கப் போனார். சூளையில் சுட்டால்தான் சாயம் கண்ணாடியில் நிற்கும். அதுவரை துணி பட்டாலும் போய்விடும். அக்காவுக்கு அது தெரியாது.

நம் ஜனங்கள் சுரூபத்தையோ படத்தையோ கண்டால் என்ன செய்வோம்? தொட்டு, அந்த விரலை உதட்டில் ஒற்றி முத்திசெய்வோம். உள்ளே வந்த அக்கா அதைத்தான் செய்தாள். நான் கத்துவதற்குள் விரல் குழந்தையின் கன்னத்தில் பட்டுவிட்டது. விரலை எடுத்துப் பார்த்தால் நுனியெல்லாம் சாயம்.

"ஐயோ, எம் புள்ள மூஞ்சிய நானே அழிச்சுட்டேனே!"

அலறல் கேட்டு மிஸ்ஸி ஓடிவந்தார். துடைத்துவிட்டுப் புதிதாகத் தீட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அழாதே. அம்மா தொட்ட எடம். அப்டியே இருக்கட்டும்" என்று சொல்லி, கண்ணாடியை அப்படியே சூளையில் வைத்தார்.

ஜன்னல் வைத்த பிறகு பாலனின் கன்னத்தில் விரல் பட்ட இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அக்கா அதற்கு நேராகத்தான் முழங்கால் போடுவாள். யுத்தம் முடிந்து மிஸ்ஸி கப்பலேறினார். தன் ஊரில் சாகிறவரை ஜன்னல்கள் செய்துகொண்டிருந்ததாகப் பிற்பாடு அவர் தங்கை சொல்லித் தெரிந்தது. ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றி அருள்வாராக.

பிறகு கோயிலைப் பெரிதாகக் கட்டினார்கள். பழைய சுவரை இடித்தபோது கண்ணாடி நொறுங்கிவிட்டதாக, மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து சொன்னார். அக்கா அப்போது கிழவி. கோபப்படவில்லை.

"அப்போ அவன் பக்கத்துல யாராச்சும் இருந்தீங்களா?" என்றுதான் கேட்டாள்.

அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தோணியைத் தூக்கி வைத்திருந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். இரவு ஜெபத்தில் அவனை நினைத்துப் பார்ப்பேன். வருவது கண்ணாடியில் இருந்த முகம்தான். என் இடுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகம் வரவே மாட்டேன் என்கிறது.