இடுப்பை மறைக்கப் போய்

கனடாவின் மொன்றியலில் பல வருடங்கள் இசை நிகழ்ச்சிகளுக்கு வீடியோ சுவிட்சராக இருந்தேன். ஓடுகிற கமராக்களில் எந்தப் படம் திரைக்குப் போக வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிற வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கொரியப் பாட்டுக் குழுவின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

இருபதைக் கடந்த நான்கு பெண்கள். அவர்களுடைய மனேஜர் மின்ஜி, நாள்கணக்காகத் தூங்காத முகத்தோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் வெட்டித் தருகிற வீடியோதான் அவர்கள் நாட்டுத் தொலைக்காட்சிக்கும் போகப் போகிறது. கடைசிப் பாட்டில் நால்வரும் தரையில் படுத்து இடுப்பைத் தூக்குகிற இடம் ஒன்று உண்டு. அது தெரிந்தால் அங்கே பாட்டுக்குத் தடை. முன்பு இப்படி ஒரு அசைவுக்காக நால்வரையும் வரிசையாக நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார்களாம்.

அசைவையே மாற்றலாமே என்றேன். சனம் வருவதே அதற்குத்தான் என்றார் மின்ஜி. நியாயமான பேச்சு.

தீர்வும் அவரே வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் கூட்டத்தைக் காட்டும் நாலாம் கமராவுக்கு நான் மாறிவிட வேண்டும். அந்தக் கமராவில் நின்றவன் ரூபன், மட்டக்களப்பான்.

இடம் வந்தது. மின்ஜி என் தோளைத் தட்டினார். நான் நாலை அழுத்தவும் ஹெட்செட்டில் ரூபன் பேசவும் சரியாக இருந்தது.

"அண்ணன், இஞ்ச வராதீங்க. இஞ்சயும் அதத்தான் செய்யிறாங்க."

மண்டபத்தின் பெரிய திரையில், ஹொக்கி ஜேர்சி போட்ட தாடிக்காரர் ஒருவர் மல்லாந்து கிடந்து இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். தன்னைத் திரையில் கண்டதும் வேகத்தைக் கூட்டினார். மண்டபம் அதிர்ந்தது. மின்ஜி கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் மேடைக்கே திரும்பினேன். நான்கு பெண்களும் கிடந்தபடியே திரையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் இடுப்பு எழும்பவில்லை. கண்ணைத் திறந்த மின்ஜி, அந்தப் படத்திலேயே நிற்கச் சொல்லி என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

சில வாரங்கள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு. பாட்டு வெட்டில்லாமல் ஒளிபரப்பானதாம். தாடிக்காரரின் இடுப்பை மட்டும் மங்கலாக்கிவிட்டார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ரூபனிடம் சொன்னேன்.

"சனம் படுக்கிறத நான் முதலே பாத்திட்டன் அண்ணன். ஆரும் கேக்கல்லயே," என்றான்.

ஒன்றை மறைக்க வேறு படத்துக்குப் போகுமுன், அங்கே நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.