பொட்டலத்துக்கு மீசை வைத்த வருஷம்

போடி பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஜெபஷீலா கல்யாணம் கட்டவில்லை. அதற்குப் பதிலாக இருபத்து மூன்று வருஷமாக ஒரு கழுதையை வைத்து மாரடிக்கிறாள். பழைய சாக்ஸில் தைத்த பொம்மைக் கழுதை, பெயர் பொட்டலம். மே மாதம் சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகம வகுப்பில், வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் உட்கார்ந்து அவள் கையை நுழைத்தால் பொட்டலம் பேசும். அதற்கு எப்போதும் வயது ஆறு. கணக்கு வராது. ஜெபத்துக்கு நடுவில் ஏப்பம் விடும். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

போன வருஷம் கூட்டம் குறைந்தது. இந்தத் தடவையும் இப்படியென்றால் அடுத்த வருஷம் கழுதைக்குப் பதில் வீடியோ போட்டுக்கொள்ளலாம் என்று சபைக் கமிட்டி சொல்லிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்தான் ஜோஷ்வா. பொட்டலத்தைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது ஏலக்காய் வியாபாரம், கொஞ்சம் தொப்பை, ஆறு வயதில் ஒரு மகள்.

“அக்கா, நாங்கெல்லாம் வளந்துட்டோம். அது மட்டும் இன்னும் ஏப்பம் விட்டுக்கிட்டுத் திரிஞ்சா எப்படி? வேலைக்கு அனுப்புங்க, பொண்ணு பாருங்க. நம்ம பழைய வி.பி.எஸ். பிள்ளைக வாட்ஸ்அப் குரூப்புல எல்லாரும் அதத்தான் சொல்றாக. குடும்பத்தோட வாரோம்.”

“எனக்கே ஒருத்தரும் பாக்கல. கழுதைக்குப் பாக்கணுமாக்கும்” என்றாள்.

ஆனாலும் புத்தி அந்தப் பக்கமே போயிற்று. கடையில் விற்கும் சவுரிமுடியில் ஒரு துண்டு வெட்டி, பசை தடவி, பொட்டலத்துக்கு மீசை ஒட்டினாள்.

சொன்னபடியே குரூப் மொத்தமும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தது. பொட்டலம் மேனேஜரைத் திட்டியது. முட்டிவலி என்றது. பெண் பார்க்கப்போன வீட்டில் பஜ்ஜி சரியில்லை என்றது. பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் கொட்டாவி விட்டன.

ஜோஷ்வாவின் மகள் ஜெஸ்லின் எழுந்து நின்றாள். “இது எங்கப்பா மாதிரியே பேசுது. பொட்டலம் எப்ப வரும்?”

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் அப்படிக் கேட்டதில்லை. திரைக்குப் பின்னால் ஜெபஷீலா மறு கையால் மீசையைப் பிடித்து இழுத்தாள். கழுதையின் உதட்டில் பாதி அதோடு வந்துவிட்டது.

கிழிந்த வாயோடு பொட்டலம் நிமிர்ந்து, நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. முன்வரிசை உருண்டது.

“எனக்கு ஆறு வயசு. இங்கன வேற யாருக்கு ஆறு வயசு?”

சின்னக் கைகள் படபடவென்று உயர்ந்தன. பின்வரிசையிலும் ஒரு கை.

“ஏலே ஜோஷ்வா, கையக் கீழ போடு” என்றது கழுதை.

அவன் போடவில்லை.