பெண் பார்க்க வந்தவர்களுக்கு டபுள் பீன்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தாராவி மார்க்கெட்டில் ஷேபு வாங்குவேன். நம் ஊரில் சதகுப்பை என்போமே, அதன் கீரைதான். இங்கே மராட்டியர்கள் அதைப் பாசிப்பருப்போடு வதக்குவார்கள். முதல் தடவை காய்க்கார அம்மா, பருப்பில் போடத்தானே என்று கேட்டார். இல்லை, டபுள் பீன்ஸில், அந்தப் பெரிய வெள்ளை பீன்ஸில் போடுவேன் என்றேன். "ஐசா கோன் காதா ஹை?" என்றார். யார் இப்படித் தின்பார்கள் என்று அர்த்தம். "கிரீஸ்வாலே" என்றேன். அவர் என் கைகளை உற்றுப் பார்த்துவிட்டு, எந்த காரேஜில் வேலை என்று கேட்டார். வண்டிக்குப் போடும் கிரீஸ் என்று நினைத்துவிட்டார். இன்றுவரை அவருக்கு நான் மெக்கானிக்தான்.

நான் சமையல்காரன். களக்காட்டுப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இங்கே வந்தேன். பாந்த்ராவில் கிரேக்க, லெபனான் சாப்பாடு போடும் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் வெங்காயம் நறுக்க விட்டார்கள், நாலாவது வருஷம் அடுப்பு கைக்கு வந்தது. பீன்ஸை முந்தின நாளே ஊறவைத்து, தோல் கிழியாமல் வேகவைத்து, தக்காளி, பூண்டு, ஷேபு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து, மேல்புறம் லேசாகக் கருகும்வரை ஓவனில் வைத்து எடுக்க வேண்டும். அந்தக் கருகலில்தான் ருசி. சில நாள் சாப்பிட்டவர்கள், செய்தவரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அப்போது மேனேஜர், சாலட் பிரிவில் இருந்த சிவந்த பையனுக்கு வெள்ளைத் தொப்பி மாட்டி அனுப்புவார். கைதட்டல் உள்ளே எனக்குக் கேட்கும். ஒருமுறை, நான் போகிறேனே என்றேன். "தும் மதராசி ஹோ. நீ போனால் கஸ்டமருக்குச் சாப்பாட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்" என்றார். எட்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஓட்டலை மூடிவிட்டார்கள். இப்போது அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் ஆறு நாளும் சாம்பார் வைக்கிறேன். ஏழாம் நாள் என் வீட்டு அடுப்பு என்னுடையது. ஓவன் கிடையாது. தோசைக்கல்லைக் காயவைத்து அதன்மேல் கனமான சட்டியை மூடிவைத்து, மூடிமேல் சூடான இரும்புக் கல்லை ஏற்றுவேன். கருகல் வந்துவிடும். ஆலிவ் எண்ணெய் கடைசியில் ஒரு ஸ்பூன் மட்டும், மற்றதெல்லாம் கடலை எண்ணெய். தொட்டுத் தின்ன பாவ் ரொட்டி.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் கோமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணில் வேலை பார்க்கும் பையன். அவன் அம்மாவும் தாய்மாமாவும் வள்ளியூரிலிருந்து வந்திருந்தார்கள். சாயந்திரம் ஐந்து மணிக்கு என்று பேச்சு. மாதுங்கா கோயிலுக்குப் போனவர்கள் அங்கிருந்து நேரே மதியம் ஒரு மணிக்கே எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். கேசரிக்கு ரவை வாங்கக்கூட ஆள் போகவில்லை. அடுப்பில் பீன்ஸ் மட்டும்தான் இருந்தது. என் மனைவி பேச்சியம்மாள் என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"ஓட்டல்ல போயி பிரியாணி வாங்கிட்டு வாங்க. இதையா வைப்பாவ?"

கோமதி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இருக்கிறத வைங்கப்பா. நாம திங்கிறதுதான?" என்றாள்.

நான் பரிமாறினேன். பையனின் அம்மா பாவைத் தொட்டுப் பார்த்தார்.

"வீட்டுல யாருக்கும் காய்ச்சலா? ரொட்டி வச்சிருக்கீய."

"இங்க எல்லாரும் திங்கிறதுதான் மைனி" என்றாள் பேச்சியம்மாள்.

தாய்மாமா ஒரு வாய் வைத்தார். "மொச்சக் கொழம்பா? உறைப்பே இல்லையே. யாரு ஆக்குனது?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள், சட்டென்று. வீட்டு மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். ஆனால் என் சமையலுக்கு இன்னொருவர் பெயர் சொல்லி நான் கேட்டது போதும் போதும் என்றிருந்தது. அதுவும் என் வீட்டுக்குள்.

"இல்ல, நான் ஆக்குனது" என்றேன். "கிரீஸ் நாட்டுச் சமையல். எட்டு வருசம் இதுதான் என் தொழில்."

அந்த அம்மா கோமதியைப் பார்த்தார். "அப்ப பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"இது தெரியும். அப்பா சொல்லிக் குடுத்தாவ" என்றாள் கோமதி. பையன் மட்டும் தலைநிமிராமல் பாவால் தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். தட்டை நகர்த்தி வைத்துவிட்டான்.

மறுநாள் தரகர் போன் செய்தார். ஆம்பளை ஆக்கிப்போடுகிற, முறை தெரியாத வீடு என்று சொல்லிவிட்டார்களாம். பேச்சியம்மாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உமக்கு உம்ம பேருதான் பெருசு. பிள்ள வாழ்க்கை பெருசில்ல" என்றாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் பாதி உண்மை. பதிலைக் கோமதிதான் சொன்னாள். "அங்க வாக்கப்பட்டுப் போயி நானும் எல்லாத்துக்கும் பொய் சொல்லிட்டுக் கிடக்கணுமாம்மா?" பேச்சியம்மாள் அழுதாள். அந்தச் சனிக்கிழமை ராத்திரி நான் பீன்ஸ் ஊறப்போட வேண்டாம் என்றிருந்தேன். அவளே பீன்ஸ் டப்பாவைத் திறந்து தண்ணீரில் கொட்டினாள். கோமதிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நான் சொன்னதைத் திரும்பச் சொல்லவேண்டி வந்தால் திரும்பவும் சொல்வேன்.

இந்த வருஷக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். தம்பி வீட்டில் விறகடுப்பில் பெரிய சட்டி நிறைய இதை ஆக்கினேன். தம்பி பெண்டாட்டி ஒரு வாய் பார்த்துவிட்டு, பாதியை வேறு சட்டிக்கு மாற்றி, மிளகாய்ப்பொடியும் புளியும் கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தாள். தாராவியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதை மதராசி ராஜ்மா என்பார்கள். ஊரில் அன்றைக்கே பம்பாய்க் கொழம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. பந்தியில் ஊர்க்காரர்கள் மிளகாய் போட்ட சட்டிப் பக்கமும் நானும் பேச்சியம்மாளும் போடாத சட்டிப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். கோமதி நடுவில் உட்கார்ந்து, இலையில் சோற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் அதையும் ஊற்றச் சொன்னாள். இரண்டும் வழிந்து நடுவில் கலந்த இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள்.