மச்சானுக்கு உடம்பு சரியில்லை

பள்ளிக்கூட பஸ் டிரைவருக்கு வாய் ரொம்ப நீளம். தும்மினால்கூட டாக்டரிடம் ஓடுகிற தன் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, 'மாத்திரை' என்று பட்டப்பெயர் வைத்ததே அவர்தான். மச்சான் அதே பஸ் கம்பெனியின் ஷெட்டில் மெக்கானிக். "மாத்திரை வந்தாச்சு, தலைவலி உள்ளவங்க வரிசையில வாங்கப்பா" என்பார். ஷெட்டே சிரிக்கும். மச்சானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒருநாள் காலையில், பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்பதே காலுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, வண்டி நின்றது. பின்னால் முழுக்கப் பிள்ளைகள். கொஞ்ச நாளாகவே தீராத தாகம், கால் மரப்பு. வெளியே சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால்?

மத்தியானம் காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்து போன் போட்டார். முதல் கிளினிக்கில் கம்பெனி இன்சூரன்ஸ் செல்லாது என்றார்கள். அடுத்ததில் பொது மருத்துவரே இல்லை, பல் டாக்டர்தான். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் கனிவாகக் கேட்டாள்.

"யாருக்கு சார் பாக்கணும்?"

"என் மச்சானுக்கும்மா. கால் மரத்துப் போகுதாம்." வாயில் அதுதான் வந்தது.

"இன்சூரன்ஸ் செல்லுமான்னு பாக்கறேன். அவர் பேரு, போன் நம்பர் சொல்லுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். மச்சானுடையதையே சொல்லித் தொலைத்தார்.

"அட, இவர் எங்ககிட்ட வர்றவர்தானே! கார்டு செல்லும் சார். நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க."

அதே கம்பெனி, அதே இன்சூரன்ஸ். தனக்கும் செல்லும், நேரில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அன்று சாயங்காலமும் அதே காலோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். வெட்கங்கெட்ட வேலை!

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனால், கிளினிக்கில் மச்சான் முன்னாடியே உட்கார்ந்திருக்கிறான்.

"என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு மாமா" என்றான் தணிந்த குரலில். "இங்க விசாரிச்சா, கால் மரத்துப் போகுதாமே எனக்கு? உங்க நடையைப் பாத்து எனக்கு அப்பவே சந்தேகம்."

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது டிரைவருக்கு. போதாக்குறைக்கு எதிர் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவருடைய மகள் இவருடைய பஸ்ஸில்தான் போகிறாள்.

"என்ன டிரைவரே, உடம்புக்கு என்ன?"

மச்சான் முந்திக்கொண்டான். "அவருக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்காரு. எனக்குத்தான். என்னைத்தான் மாத்திரைன்னு ஊரே கூப்பிடுதே, தெரியாதா?"

அவர் சிரித்தார். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமும் எவனை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தாரோ, அவனே இன்று இவர் மானத்தைத் தன் முதுகில் சுமக்கிறான்.

"இல்ல சார், எனக்குத்தான். கால்ல உணர்ச்சியே இல்ல. நேத்து சாயங்காலம் உங்க பொண்ணை அந்தக் காலோடதான் கொண்டுவந்து விட்டேன்."

அந்த அப்பாவின் சிரிப்பு நின்றது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.