‘இதர’ கட்டத்துக்குள் கோகிலா

“ஏம்மா, காலையில ஒருத்தி வந்து வூட்ல எத்தினி பேருன்னு கேட்டுட்டுப் போனா. இப்ப நீ வந்து பேப்பர் படிக்கிறியாங்குற. நான் இன்னா படிச்சா உனக்கு இன்னா? உங்க வூட்ல வேலையே கெடையாதா?”

வடக்குப்பட்டில், மாவுக் கையோடு வாசலை மறித்து நின்ற ஓர் அம்மாள் கேட்டது இது. என் வீட்டிலும் வேலை இருந்தது. குக்கரை இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகிற தொழிலில், குடிக்கத் தண்ணீர் கேட்டால் கிடைக்கும். பதில் கேட்டால் கிடைக்காது. அலைந்து பார்த்த சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்து மக்களுக்குச் செய்தி எந்த வழியாக வருகிறது, பத்திரிகையின் இடத்தை இப்போது எது பிடித்திருக்கிறது என்று ஆராய சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். இங்கிலீஷ் படிவத்தைத் தமிழில் கேட்டு எழுத உள்ளூரில் ஆள் வேண்டுமாம். கான்வென்ட்டில் படித்துவிட்டு இருபது வருடமாகச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்த நான் கை தூக்கினேன். என் வீட்டுக்காரர் சொன்னார்: “போறதுதான் போற, அவங்களையும் கொஞ்சம் பேச விடு.”

பொடி எழுத்து

தினமும் பேப்பர் வாங்குகிறவர் ஒருவர் கடைசியில் அகப்பட்டார். நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய், மீதியில் கத்தரி போட்டிருப்பவர். எந்தப் பக்கம் விரும்பிப் படிப்பீர்கள் என்று கேட்டேன். அரசியல், சினிமா, விளையாட்டு, ராசிபலன் என்று நாலு கட்டம் இருந்தது. நாலும் இல்லையாம். நிலம் எடுக்கிற அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மட்டும் கண்ணாடி போட்டுத் தேடுவாராம். இல்லையென்றால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிம்மதியாக டீ குடிப்பாராம்.

“முதல் பக்கம்?” என்றேன்.

“பெரிய எழுத்துல வர்றதெல்லாம் உங்க நியூஸும்மா. எங்களுக்கு வர்றது எப்பவும் பொடி எழுத்துலதான் வரும்.”

பின் சீட்டு

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற கோகிலாவிடம், “செய்தி முதலில் எதில் கிடைக்கும்?” என்று கேட்டேன். பேப்பரா, டிவியா, ரேடியோவா, இணையதளமா? இருபத்து மூன்று வயது, காண்ட்ராக்ட் வேலை. சிரித்துவிட்டாள். ஆலையில் எந்த லைனில் யார் மயங்கி விழுந்தார்கள், எந்தத் தேதியில் லீவு ரத்து, எல்லாவற்றையும் பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்து வாட்ஸப்பில் பேசி அனுப்புவது அவள்தான். அடுத்த ஷிஃப்டே அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புமாம். கேள்விப்பட்டதை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் அனுப்பமாட்டாளாம்.

கேன்டீன் சாப்பாட்டில் முப்பது பேர் வாந்தி எடுத்த அன்றைக்கும் அப்படித்தான். டிவியில் வந்தது இரண்டு நாள் கழித்து. அதுவும் நிலைமை சீர் என்று.

“அவங்க கேட்டுக்கு வெளிய நின்னு சொல்றாங்கக்கா. நான் வாந்தி எடுத்தவங்க பக்கத்துல நின்னுகினு சொல்றேன்.”

முழு வாக்கியம்

ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினால் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் நோட்டைத் தூக்கி எறிவார். அந்தப் பயத்தில் வளர்ந்த கை இது. மற்ற களப்பணியாளர்கள் ‘இதர’ என்ற கட்டத்தில் ‘தோழி’ என்று எழுதி முடித்த இடத்தில், நான் மணி மணியாக எழுதினேன்: ஏழாம் நம்பர் பஸ், கடைசி சீட்டு, இரண்டாம் ஷிஃப்ட், வால்வு லைன். பெயர்தான் எழுதக்கூடாதே, எழுதவில்லை!

வரைவு அறிக்கை வந்தபோது என் வரி அப்படியே அச்சில் இருந்தது. கோகிலாவுக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பேட்டிக்கு அனுமதி கொடுத்ததற்காகக் கம்பெனிக்கும் ஒரு பிரதி போகிறது என்று நானே சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது.

“அக்கா, ஏழாம் நம்பர் பஸ்ல வால்வு லைன் பொண்ணு நான் ஒருத்திதான். நாளையிலர்ந்து வராதன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு போன் போதும். ஏங்க்கா இப்புடிப் பண்ண?”

கூட்டம்

மறுநாள் காலையில் பேராசிரியரும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும் மறைமலை நகரில் எனக்காகக் காத்திருந்தார்கள். கம்பெனிக்குப் பிரதி அன்று மாலை போகிறது. அந்த வரியை எடுங்கள் என்றேன். “மேடம், இந்த ஆய்வுக்கே உயிர் அதுதான். பெயர் போடலையே” என்றார் பேராசிரியர்.

அறிக்கையைப் புரட்டி அவருக்கே படித்துக் காட்டினேன். கம்பெனி, ‘ஒரு தனியார் ஆலை’. கேன்டீன் மேலாளர், ‘ஓர் அலுவலர்’. வாந்திச் செய்தியை மூடி மறைத்த டிவி நிருபர், ‘ஊடகத் துறையைச் சேர்ந்த ஒருவர்’. பஸ் நம்பரோடு இருப்பவள் கோகிலா மட்டும். தப்பு என் கையெழுத்தில் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன் என்றேன். ஆனால் ஒரிஜினல் படிவம் இல்லாத வரி அறிக்கையில் நிற்காது என்பது நீங்களே போட்ட விதி. படிவம் என் கைப்பையில் இருக்கிறது என்றும் சொன்னேன்.

கோகிலாவின் எண்ணை எடுத்து, போனை மேஜை நடுவில் வைத்தேன். “உங்க மூணு பேர்ல யாராவது ஒருத்தர் இவளைக் கூப்பிட்டு, உன் வேலைக்கு நான் பொறுப்புன்னு சொல்லுங்க. படிவத்தை இப்பவே தரேன்.”

செய்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராய வந்த அந்த மூன்று பேரும், போன் என்ற பொருளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர்கள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.