மங்கலம் நீங்கலாக

சிதம்பரத்தின் ஓரத்தில் உள்ள செந்தாமரை நகரில் பதினோரு வீடுகளின் சாவிகள் மங்கலத்தின் இஸ்திரி வண்டியில் தொங்கும். கூரைச் சட்டத்தில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு வீடு. வேலைக்குப் போகிறவர்கள் துணியைப் போட்டுவிட்டு, சாவியையும் மாட்டிவிட்டுப் போவார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் ஊரிலிருந்து வரும் மாமியாருக்கும் கேஸ் சிலிண்டர்காரருக்கும் அவள்தான் கதவைத் திறந்துவிட வேண்டும். பதினாறு வருடத்தில் ஒரு ஸ்பூன் காணாமல் போனதில்லை.

அவள் வீட்டுக்குச் சாவி கிடையாது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஓடைக்கரையில் இருந்த அந்தக் குடிசையின் கதவு ஒரு தார்ப்பாய். மழைக்காலத்தில் ஓடை அதைக் கேட்காமலே உள்ளே வந்துவிடும். 2008 வெள்ளத்தில் வாடிக்கையாளர்களின் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். துணி நனையவில்லை. அவளுடைய ரேஷன் கார்டு கரைந்துபோனது.

அடுத்த ஆண்டு, நகரை ஒட்டிய புறம்போக்குத் திடலில் ஓடைக்கரைக்காரர்களுக்கு அடுக்குமாடியாக நாற்பத்தெட்டு வீடுகள் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. பட்டியலில் மங்கலத்தின் பெயர் ஏழாவது. கண்ணாடி போட்ட ஒருவரை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று கீழே இருந்தது.

நகர் நலச்சங்கத்துக்கு ஆட்சேபம் இருந்தது. சங்கத் தலைவர் மணவாளன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மனுவை அவரே எழுதினார்: ‘இன்னாரென்று தெரியாத நபர்கள் அருகில் குடியேறினால் எங்கள் வீடுகளுக்குப் பாதுகாப்பு இராது.’ திங்கட்கிழமை குறைதீர் நாளில் கடலூருக்கு வேன் வைத்துப் போய் கலெக்டரிடம் கொடுப்பது என்று முடிவானது. அதற்காக இருபத்திரண்டு வெள்ளைச் சட்டைகள் மங்கலத்திடம் இஸ்திரிக்கு வந்தன.

“என்னா சார், எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமா? கல்யாணமா?” என்று சட்டையோடு வந்த மணவாளனிடம் கேட்டாள்.

“கலெக்டரப் பாக்கப் போறோம். பக்கத்துத் திடல்ல கண்டவங்களக் கொண்டாந்து குடி வெக்கிறாங்களாம்.”

“கண்டவங்கன்னா நாங்கதான் சார். எம்பேரு ஏழாவது.”

ஆணியருகே போன மணவாளனின் கை ஒரு நொடி நின்றது. பிறகு சாவியை மாட்டினார்.

“உன்னச் சொல்லல மங்கலம். மத்தவங்களச் சொல்றேன்.”

அந்த மாதம் இரண்டு கட்சிக்காரர்களும் ஓடைக்கரையில் “கட்டியே தீருவோம்” என்றும், நகரில் “பாத்துக்கலாம் சார்” என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டையும் கேட்டவர்கள் மங்கலமும் அவளைப்போல நகரில் வேலை செய்தவர்களும்தான்.

சிக்கல் மணவாளன் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. “மங்கலம் கோச்சிக்கிட்டு வண்டியத் தள்ளிக்கினு போயிட்டான்னா, பேத்தி ஸ்கூல் விட்டு வந்து ரோட்ல நிக்கவா?” என்றார் அவர் மனைவி பவானி. மணவாளன் யோசித்து, மனுவில் இரண்டு சொற்கள் சேர்த்தார்: ‘மங்கலம் நீங்கலாக.’

சங்கக் கூட்டத்தில் இதைப் படித்ததும் நான்காம் நம்பர் வீட்டு எழிலன் எழுந்தார். “அப்ப பொன்னி? அவ வரலன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது.” பொன்னியும் சேர்க்கப்பட்டாள். அடுத்தவருக்கு வாட்ச்மேன் கொளஞ்சியப்பன் வேண்டும். இன்னொருவருக்குப் பால்காரம்மா. பள்ளி ஆட்டோக்காரரை விட்டுவிட்டதாக ஒரு அம்மாள் கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்தார். தன் வேலைக்காரியின் பெயர் இல்லாத மனுவில் கையெழுத்துப் போட யாரும் தயாராக இல்லை. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, நீங்கலானவர்களுக்குத் தனியாக ஓர் இணைப்பு தேவைப்பட்டது.

ஒருவழியாக இணைப்போடு கடலூரில் கொடுக்கப்பட்ட மனு, கலெக்டர் அலுவலகத்திலிருந்து தாசில்தார் பிரிசில்லாவிடம் விசாரணைக்கு வந்தது. அவர் திடலிலேயே மேசை போட்டு இரு தரப்பையும் கூப்பிட்டார். வீடு கிடைக்குமா கிடைக்காதா என்று அன்று தெரிந்துவிடும் என்பதால் மங்கலம் வண்டியை மூடிவிட்டு, பதினோரு சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். தாசில்தார் பயனாளிகள் பட்டியலையும் சங்கத்தின் இணைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனார்.

“நாப்பத்தெட்டுல நாப்பத்தொரு பேர நீங்களே வேணும்னு எழுதியிருக்கீங்க. மிச்சம் ஏழு பேருதான் பிரச்சனையா சார்?”

“ஆமா மேடம்.”

“அவுங்க யாரு, தெரியுமா?”

“தெரியாதவங்கங்கறதுதான மேடம் ஆட்சேபமே.”

பின்னாலிருந்து கொளஞ்சியப்பன் சொன்னார்: “அதுல ரெண்டு பேரு உங்க மொட்ட மாடிக்குத் தளம் போட்டவங்க சார்.”

தாசில்தார் ஆட்சேபத்தை நிராகரித்தார். மங்கலம் முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, சட்டைகள் காத்திருந்ததால் வண்டிக்குத் திரும்பினாள்.

சுவர்கள் ஜன்னல் உயரம் வந்தபோது தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது, வேலை எட்டு மாதம் நின்றது. அந்த எட்டு மாதமும் கட்டாத வீட்டுக்கு உரிமை கொண்டாடி இரண்டு கட்சிகளின் பலகைகளும் எதிரெதிரே நின்றன. 2012இல் திறப்பு விழா நடந்தது. வாழ்த்திப் பேசியவர்களில் மணவாளனும் ஒருவர். “இந்தத் திட்டத்துக்கு எங்கள் சங்கம் ஆரம்பத்திலேயே பெயர் பெயராகப் பரிந்துரை செய்தது” என்றார். அவர் சொன்னதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருந்தது.

மங்கலத்துக்கு முதல் மாடியில் வீடு. ஒரு மாதத்துக்குள் ஆணிகளில் நான்கு காலியாயின. சாவியைத் திருப்பி வாங்கிய முதல் ஆள் மணவாளன்.

“உம்மேல சந்தேகம் இல்ல மங்கலம். ஆனா இப்ப நீ அவங்ககூட இருக்க.”

“எப்பவும் அவுங்ககூடதான் சார் இருந்தேன். தூரமா இருந்தேன், அவ்ளோதான்.”

மறுநாள் அவர் சட்டையோடு வந்தபோது, அவருடைய பழைய ஆணியில் ஒரு பளபளப்பான சாவி தொங்கியது.

“இது யாரு வீட்டு சாவி?”

“எம்மூட்டு சாவி சார்.” மங்கலம் பெட்டியில் கரியைக் கிளறிவிட்டாள். “யாருகிட்டயாவது குடுத்துட்டு வரலாம்னுதான் பாத்தேன். அக்கம்பக்கத்துல இருக்கறவங்க எப்படின்னு இன்னும் சரியாத் தெரியல.”

மணவாளன் சட்டையை நீட்டினார். “காலர மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா தேய்” என்றார்.